புத்தம் புதிய பழைய காமிரா

மாநில நினைவுச் செல்வப் பாதுகாப்பு வாரியம் என்று ஓர் அலுவலகம் திருவனந்தபுரத்தில் இருப்பது திருவனந்தபுரத்துக்காரர்களுக்கே தெரியாது. இதில் வாரியத்தின் குற்றம் ஒன்றுமில்லை. பொதுமக்களுக்குத் தெரியப்படுத்துவது குறித்த கோப்பு பல வருடங்களாகப் பரிசீலனையில் இருந்துவருகிறது. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தால் சில்லு வந்து விழும் தூரத்தில் ஒரு பழைய கட்டிடம். கீழே குடைக்கடை, மேலே வாரியம். மழைக்காலத்தில் கீழே வியாபாரம், மேலே ஒழுக்கு. ஒரே மழை, ஆளுக்கொரு பலன்.

மக்கள் மறந்துவிடக்கூடிய பொருள்களைத் தேடி எடுத்து, மறதியிலிருந்து மீட்பது வாரியத்தின் கடமை. எந்தப் பொருள்கள் என்பது வாரியத்துக்கே மறந்துபோய்விட்டதால், ஊழியர்கள் தங்களைத் தாங்களே பாதுகாத்துக்கொண்டு சம்பளம் வாங்கிவந்தார்கள். அப்படியே போயிருந்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்திருக்காது. ஆனால் அந்த ஓணத்துக்கு வாரிய டைரக்டர் ஸ்ரீனிவாசனின் மகன் வினய் பெங்களூரிலிருந்து வந்து இறங்கினான். அவன் கழுத்தில் ஒரு பழைய ஃபிலிம் காமிரா தொங்கியது.

வினய்யின் சட்டைப்பையில் இருந்த போன், இருட்டில் ஓடும் எறும்பின் மீசையைக்கூடத் துல்லியமாகப் படம்பிடிக்கும். அதனாலேயே அவனுக்கு அதைப் பிடிக்கவில்லை. "எல்லாம் தெரியறதுப்பா. எல்லாமே தெரிஞ்சா அப்புறம் என்ன ஆர்ட்?" என்றான். ஃபிலிம் காமிராவில் அந்த ஆபத்து இல்லை. சுருள் போட்டு, மூச்சைப் பிடித்து, தலையைச் சாய்த்து எடுத்து, கழுவிப் படமாக்க வெளியூருக்கு அனுப்பி, வாரக்கணக்கில் காத்திருந்தால், பாதிப் படம் விழுந்திருக்காது. விழாத படத்தைப் பார்த்து உள்ளம் உருகுவதுதான் இந்தக் கலையின் உச்சம். நகரத்தில் படித்த பிள்ளைகள் பலர் இப்போது அந்த உச்சத்தில்தான் நின்றார்கள். பழைய இரும்பு எடுக்கும் ஆக்கிரிக்கடைக்காரன்கூட 'வேண்டாம் சாமி' என்று தகப்பன்மாரிடம் திருப்பிக் கொடுத்த பெட்டிகளை, மகன்மார் இணையத்தில் தவமிருந்து வாங்கினார்கள்.

கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் வினய் அந்தப் பெட்டியோடு நின்றபோது, தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. டைரக்டருக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

மறுநாள் அலுவலகத்தில் உதவியாளர் ஸ்ரீலட்சுமியை அறைக்குக் கூப்பிட்டார். "இத்தனை வருஷமா நான் டைரக்டரா இருக்கேன். ஒருத்தன் திரும்பிப் பாத்ததில்லை. இவன் ஒரு ஒடைஞ்ச பெட்டியைக் கழுத்துல மாட்டிண்டு நின்னான், கூட்டம் கூடிடுத்து, கேட்டியா. நம்ம வாரியத்துக்கும் ஒண்ணு வாங்கணும். நினைவுக் காமிரா மையம்னு ஒண்ணு தொறந்துடலாம்."

"ஒரு காமிராவுக்கு மையமா சார்?"

"ஒண்ணு இருந்தாத்தான் மையம். நாலு இருந்தா மூலைதானே."

இந்தக் கதையில் நமக்கு வேண்டியவள் இந்த ஸ்ரீலட்சுமிதான். ஆரியசாலையில் மிளகு மொத்த வியாபாரம் செய்பவரின் மகள், சரித்திரத்தில் எம்.ஏ.; வாரியத்தில் தற்காலிக உதவியாளர். ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும்போதும் ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, மறுநாள் புதிய ஆளாகத் திரும்பி வருவாள். அந்த ஒரு நாளில் அவள் வேறு யாராகவாவது மாறியிருக்கக்கூடும் என்பதால் சான்றிதழ்கள் மறுபடி சரிபார்க்கப்படும். அவளுக்குப் பார்க்கிற மாப்பிள்ளை வீட்டார் முதலில் கேட்பது ஜாதகத்தை அல்ல, "ஜோலி பெர்மனென்ட்தானே?" என்பதைத்தான். ஆகவில்லையென்றால் அப்பாவின் கடையில் உட்கார்ந்து மிளகு நிறுக்கலாம், அல்லது நாகர்கோவிலில் மிளகு நிறுக்கும் ஒருவனைக் கட்டிக்கொள்ளலாம். மூன்றாவது வழி ஒன்று வேண்டும் என்பதே அவள் ஆசை.

டைரக்டர் குரலைத் தாழ்த்தினார். "காமிரா வரட்டும். திறப்புவிழா நன்னா நடக்கட்டும். உன்னோட பெர்மனென்ட் ஃபைல் தானா நகரும்."

கோப்பு தானாக நகர்ந்ததை அந்த அலுவலகத்தில் யாரும் கண்டதில்லை. ஆனாலும் ஸ்ரீலட்சுமி நம்பினாள். நம்பிக்கைக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை.

முதல் தடை கணக்குப் பிரிவு சூப்பிரண்டு தாணுலிங்கம். நாஞ்சில்நாட்டுக்காரர். சட்டப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்து உறங்குகிறவர். விழித்திருக்கும்போதும் அதே நிலைதான்.

"பழைய சாமானம் வாங்க சட்டத்துல வகுப்பு இல்ல பிள்ளே. வாங்குனா புதுசு. அதாக்கும் சட்டம்."

"சார், இது வின்டேஜ் காமிரா. பழசா இருந்தாத்தானே மதிப்பு?"

"இருக்கட்டும். பழசுல புதுசா ஒண்ணு பாரு."

"அறுபது எழுபது வருசத்துக்கு முந்தி செஞ்சது சார் எல்லாம்."

தாணுலிங்கம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அறுபதா? ஐம்பத்தாறு கழிஞ்சா ரிட்டையர்மென்ட்டுல்லா! வயசு கழிஞ்ச ஒண்ணை எப்படி சர்க்கார் சர்வீசுக்கு எடுக்கது?"

இந்த இரட்டைச் சிக்கலை அவிழ்க்க ஒரு கூட்டம் நடந்தது. சாயாவும் பழம்பொரியும் வந்தன. கோப்பு மலையாளத்தில் ஓடியது. சண்டை தமிழில் நடந்தது. முடிவு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதன்படி, இதற்கு முன் அரசு பயன்படுத்தாத எந்தப் பொருளும் அரசைப் பொறுத்தவரை புதியது. ஆகவே வாங்கவேண்டியது 'புத்தம் புதிய பழைய காமிரா'. வயது விஷயத்தில், காமிரா முறையான பணியில் அமர்த்தப்படாமல் ஸ்ரீலட்சுமியைப்போல ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்படும்.

"உனக்கு ஒரு துணை ஆச்சு பாத்தியா," என்றார் தாணுலிங்கம் பெருந்தன்மையோடு.

அதன்பின் ஸ்ரீலட்சுமி இணையத்தில் இறங்கினாள். பழைய காமிரா விற்கும் தளங்களில் ஒரு தனி மொழி பேசப்படுவதை இரண்டே நாளில் கண்டுகொண்டாள். அங்கே 'புதுசுபோல' என்றால் வெளியே துடைத்திருக்கிறார்கள். 'வயதுக்கேற்ற நிலை' என்றால் உடைந்திருக்கிறது. 'சோதிக்கப்படவில்லை' என்றால் நன்றாகச் சோதித்துப் பார்த்து, வேலை செய்யவில்லை என்று உறுதி செய்திருக்கிறார்கள். 'லென்ஸில் சிறிது பூஞ்சை உண்டு, படத்தைப் பாதிக்காது' என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் போட்டிருந்த படத்தில் ஊறுகாய் ஜாடிக்குள் பார்ப்பதுபோல இருந்தது. வர்ணம் உரிந்து பித்தளை தெரியும் காமிராவுக்கு விலை கூடுதல், உரியாததற்குக் குறைவு. அழகாக உரித்துத் தருகிறவர்களும் இருந்தார்கள். பொய்யிலேயே இத்தனை தரம் பிரித்து வைத்திருப்பது எம்.ஏ. படித்த அவளுக்கு வியப்பாக இருந்தது. அவள் படித்த சரித்திரத்தில் இவ்வளவு நுணுக்கம் கிடையாது.

டைரக்டருக்கு இந்த மொழி மிகவும் பிடித்துப்போயிற்று. வருடாந்தரப் பணிமதிப்பீட்டில் தாணுலிங்கத்தைப் பற்றி 'வயதுக்கேற்ற நிலை. உள்ளே சிறிது பூஞ்சை, பணியைப் பாதிக்காது' என்று எழுதினார். தாணுலிங்கம் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

கடைசியில் ரதீஷ் அகப்பட்டார். நகரின் பட்டம் பகுதியில் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு இணையத்தில் கடை நடத்துபவர். தாடி உண்டு. காமிராக்களைப் பாசி பிடித்த சுவரிலும் காய்ந்த இலையிலும் வைத்துப் படமெடுத்துப் போடுவார். அந்தப் படங்களைப் போனில்தான் எடுப்பார். மலையாளத்தில் தொடங்கி, தமிழில் நெருங்கி, விலை வரும்போது ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறவர்.

ஸ்ரீலட்சுமி போன் செய்தாள். "சேட்டா, அந்த ஜெர்மன் காமிரா இருக்கில்லையா, அது புதுசுதானே?"

எதிர்ப்பக்கம் நெஞ்சில் அடிபட்டதுபோல ஒரு சத்தம். "மேடம்! என்ன கேள்வி இது? யுத்தம் பார்த்த காமிராவாக்கும் அது."

"யுத்தம் பார்த்தது வேண்டாம். புதுசுன்னு எழுதித் தரணும். சர்க்கார் வாங்குது."

சர்க்கார் என்ற சொல் ரதீஷின் காதில் விழுந்து, அங்கிருந்து மெல்ல இதயத்துக்கு இறங்கியது. "யுத்தம் பார்த்தது பக்கத்து வீட்டுக் காமிரா மேடம். இது பெட்டியே பிரிக்காதது. மூணு வருஷ வாரன்டியும் தரேன்."

"கம்பெனி மூடி ரொம்ப நாளாச்சே?"

"அதனாலதான் தைரியமா தரேன்."

மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்க வேண்டும் என்பது விதி. ரதீஷ் மூன்று பெயர்களில் மூன்று கடைகள் வைத்திருந்ததால் சிரமம் இருக்கவில்லை. போட்டி கடுமையாக இருந்தது. முடிவில் ரதீஷ் மற்ற இரண்டு ரதீஷ்களையும் மயிரிழையில் வென்றார். டைரக்டர் பழவங்காடியில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்து, ஈரக்கையோடு மௌஸைத் தொட்டு, வாங்கும் பொத்தானை அழுத்தினார். அழுத்தியதும் எல்லாரும் கைதட்டினார்கள். அந்த அலுவலகத்தில் ஒரு காரியம் தொடங்கிய நாளிலேயே நடந்து முடிந்தது அதுதான் முதல் தடவை.

காமிரா வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள்போல எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். கறுத்த தோலுறை, வெள்ளிநிறத் திருகுகள், முன்னால் கண்ணாடி மினுங்கும் லென்ஸ். மேலே ஜெர்மன் பெயர். மூடியைத் திறந்தால் உள்ளே ரஷ்ய எழுத்து. ஸ்ரீலட்சுமி போனில் கேட்டதற்கு ரதீஷ், "அது ஏற்றுமதிப் பதிப்பு மேடம், கிடைக்கவே கிடைக்காது," என்றார். கிடைக்காதது கிடைத்ததில் டைரக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

தாணுலிங்கத்துக்குக் கலங்கவில்லை. அவர் கவலை வேறு. "இருப்பு நம்பர் எழுதணும்லா."

அரசு அலுவலகத்துக்குள் நுழையும் எந்தப் பொருளும் மேலே வெள்ளைப் பெயின்டில் நம்பர் எழுதிய பிறகுதான் பொருளாகும். நாற்காலி, மேசை, காற்றாடி, மண்பானை, கழிப்பறை வாளி எல்லாவற்றிலும் எழுதியிருக்கும். நம்பர் எழுதாத வாளி வாளியே அல்ல. அதில் தண்ணீர் நிற்பது சட்டவிரோதம். எழுத்து வேலைக்கு வேலப்பன் என்று ஒருவர் உண்டு. சுவர் தெரிந்தால் எழுதிவிடும் கை அவருடையது. அவர் பெயின்ட் டப்பாவோடு வந்து காமிராவை நாலுபக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எங்க சார் எழுத? தோலுல பிடிக்காது. திருகுல எடம் போதாது."

தாணுலிங்கம் விதியைச் சொன்னார். "வழுவழுப்பான, கடினமான, முன்பக்கத்துல, பாத்த உடனே தெரியக்கூடிய எடத்துல."

எல்லாருடைய பார்வையும் ஒரே இடத்துக்குப் போயிற்று. காமிராவிலேயே வழுவழுப்பான, கடினமான, முன்பக்கத்தில், பார்த்தவுடன் தெரியக்கூடிய இடம் ஒன்றுதான் இருந்தது.

"சார், அது லென்ஸ்," என்றாள் ஸ்ரீலட்சுமி. மெல்லத்தான் சொன்னாள்.

"அதுக்கு?"

"அது வழியாத்தான் வெளிச்சம் போகணும்."

"நம்பர் இல்லாத சாமானத்துல வெளிச்சம் போனா என்ன, போவாட்டா என்ன? நாளைக்கு ஆடிட்காரன் வந்து கேட்டா வெளிச்சத்தையா காட்டது?" பிறகு தாணுலிங்கம் குரலை இளக்கினார். "ஒனக்க ஃபைலு எங்கிட்டதான் வரணும், கேட்டியா மோளே."

ஸ்ரீலட்சுமி அத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வேலப்பனின் ஒற்றைக் கைப்பிடியில் காமிரா நழுவியது. எழுத்து கோணினால் நன்றாயிருக்காதே என்று நினைத்து, காமிராவை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொடுத்தாள். வாரியத்தின் பெயர்ச்சுருக்கம், வருடம், இருப்பு எண் என்று வேலப்பன் கண்ணாடி நிறைய, இண்டு இடுக்கு விடாமல் எழுதினார். ஓரத்தில் இடம் மிஞ்சியதால் ஒரு சின்னப் பூவும் போட்டார்.

அன்றிலிருந்து காமிரா வாரியத்தின் நிரந்தரச் சொத்தாயிற்று. ஒப்பந்தத்தில் பின்னால் வந்தது முன்னால் நிரந்தரமாகிவிட்டது. ஸ்ரீலட்சுமிக்குத்தான் இன்னும் நம்பர் இல்லை.

திறப்புவிழாவுக்கு ஊரில் காமிரா தொங்கும் கழுத்துகளெல்லாம் வந்தன. வினய்தான் அழைத்து வந்திருந்தான். பையன்கள் தாத்தா காலத்துச் சட்டை போட்டிருந்தார்கள், புதிதாகத் தைத்தது. பெண்பிள்ளைகள் கிழிந்த துணிப்பை வைத்திருந்தார்கள், கிழித்தே விற்கப்பட்டது. ரதீஷும் வந்திருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் காமிராவைக் கண்டதும் வினய் அப்படியே நின்றுவிட்டான்.

"அப்பா! லென்ஸ் மேலே வெள்ளையா என்னமோ பூசியிருக்கே?"

டைரக்டர் தாணுலிங்கத்தைப் பார்த்தார். தாணுலிங்கம் வேறு திசையைப் பார்த்தார். ஸ்ரீலட்சுமி வழக்கம்போலத் தரையைப் பார்த்தாள். மூன்று வருட வாரன்டி கொடுத்த ரதீஷ் மட்டும் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"பூச்சு இல்ல வினய். அது ஒரு ட்ரீட்மென்ட். ஹேண்ட் பெயின்டட். உலகத்துலேயே ஒண்ணாக்கும் இது. சர்க்கார் எப்படிப் பிடிச்சதுன்னுதான் எனக்குப் புரியல."

வினய்க்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்பதை அத்தனை பேர் முன்னால் எப்படி ஒத்துக்கொள்வது? "ஓ, அந்த ட்ரீட்மென்ட்டா," என்றான். கழுத்துகள் எல்லாம் ஆடின.

மையத்தின் முதல் படம் அந்தக் காமிராவாலேயே எடுக்கப்பட வேண்டும் என்று டைரக்டர் அறிவித்தார். அதை இயக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. தெரிந்த இளைஞர்கள் கையில் அரசு உடைமையைக் கொடுக்க விதி இல்லை. ஆகவே, வாங்கும்போது விளக்கத்தைப் படித்துத் தொலைத்திருந்த ஸ்ரீலட்சுமியே எடுக்கும்படி ஆயிற்று. டைரக்டரும் ஊழியர்களும் விருந்தினர்களும் குத்துவிளக்கைச் சுற்றி நின்றார்கள். அவள் சின்னத் துளை வழியாகப் பார்த்தாள். எல்லாரும் துலக்கமாகத் தெரிந்தார்கள். அந்தவகைக் காமிராவில் பார்க்கும் துளை வேறு, படம் விழும் துளை வேறு. இந்த ஏற்பாடு அலுவலகத்துக்குப் பழக்கமானதுதான்.

"சிரிங்க சார்," என்று சொல்லி அழுத்தினாள்.

சுருள் பெங்களூருக்குப் போய், கழுவி, பெரிதாகப் போட்ட கறுப்புவெள்ளைப் படமாகத் திரும்பி வந்தது. பிரித்த டைரக்டர் அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். போனக்காடு மலையில் மழைக்கால விடியலில் எடுத்ததுபோல, தாள் முழுக்க வெண்புகை. புகைக்குள் நெட்டநெட்டையாகச் சில கறைகள். எது டைரக்டர், எது குத்துவிளக்கு என்று டைரக்டரைப் பெற்றவளாலும் சொல்ல முடியாது.

ஸ்ரீலட்சுமிக்கு மிளகு மூட்டைகள் கண்முன்னால் வந்தன. டைரக்டர் அவளைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் வினய் படத்தை வாங்கி, சன்னலோரம் கொண்டுபோய், நெற்றியைச் சுருக்கி, நீண்ட மூச்சு ஒன்று விட்டான்.

"அப்பா... யாருமே தெரியலை. ஆனா எல்லாரும் இருக்கா. அரசாங்கத்தை இதுவரைக்கும் இவ்வளவு உண்மையா யாருமே படம் எடுத்ததில்லை."

திறந்த வாயை டைரக்டர் அப்படியே புன்னகையாக மாற்றிக்கொண்டார். நிர்வாகத் திறமை என்பது அதுதான்.

வினய் படத்தை இணையத்தில் ஏற்றினான். அப்புறம் நடந்ததை நிறுத்த யாராலும் முடியவில்லை. மும்பையிலிருந்து ஒரு கலை விமர்சகர் 'மங்கலின் அரசியல்' என்று நீண்ட கட்டுரை எழுதினார். கொச்சியில் ஒரு கண்காட்சிக்காரர், ஏறக்குறைய இதேபோல எதுவும் தெரியாத படங்களை வரவழைத்து மாட்டினார். சாலைக் கடைத்தெருவில் வெள்ளைப் பெயின்ட் தட்டுப்பாடு வந்தது. பிள்ளைகள் தவமிருந்து வாங்கிய லென்ஸ்களில் எல்லாம் தாங்களே நம்பர் எழுதத் தொடங்கினார்கள். ரதீஷ் 'அரசு முறை லென்ஸ்' என்று புதுச்சரக்கு இறக்கினார். பூவோடு வேண்டுமென்றால் தனி விலை. வேலப்பனுக்கு வெளிவேலை குவிந்ததால் அலுவலக வாளிகள் நம்பர் இல்லாமல் காத்துக்கிடந்தன.

இவ்வளவு புகழ் வந்தபின் மேலிடம் சும்மா இருக்குமா? செயலகத்திலிருந்து பாராட்டு உத்தரவு வந்தது. அப்பெருமைக்குரிய திறப்புவிழாவில் பங்கேற்ற நிரந்தர ஊழியர்கள் அனைவருக்கும் பதவி உயர்வு; தற்காலிக ஊழியர்கள் அனைவரும் நிரந்தரம்; பங்கேற்றதற்கு அப்படமே ஆதாரம்.

அன்று காலை வாரியத்தில் அதுவரை யாரும் காணாத சுறுசுறுப்பு. படத்தைச் சுற்றி ஈயாக மொய்த்தார்கள்.

"நடுவுல கம்பீரமா நிக்கறது நான்," என்றார் டைரக்டர்.

"அது குத்துவிளக்காக்கும் சார். அதுக்கு எடதுபக்கம் அகலமா இருக்கது நான்," என்றார் தாணுலிங்கம். படம் எடுத்த நேரத்தில் அவர் அடுத்த அறையில் இலைபோட்டு இரண்டாவது பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்.

"பின்னால குனிஞ்சாப்ல இருக்கது நான் சார்," என்றார் வேலப்பன். அவர் அன்றைக்குப் போனக்காட்டில் தங்கை வீட்டில் இருந்தார்.

மருத்துவ விடுப்பில் இருந்தவர், சபரிமலைக்குப் போயிருந்தவர், மாற்றலாகிப்போய் இரண்டு வருடம் ஆனவர் என்று ஒவ்வொருவராக வந்து ஆளுக்கொரு கறையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு கறைக்கு இரண்டு பேர் வந்தபோது கொஞ்சம் வாக்குவாதம். பிறகு அது இரண்டு பேர் சேர்ந்து நின்ற கறை என்று தீர்மானமாயிற்று. கேட்டால் யாரும் யாரையும் மறுக்கவில்லை. எல்லாரும் எல்லாரையும் பார்த்ததாகவே சொன்னார்கள்.

கடைசியில் ஸ்ரீலட்சுமி போனாள்.

தாணுலிங்கம் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "நீ எங்க நிக்கே?"

"நான் நிக்கல சார். நான்தானே படம் எடுத்தேன்."

"எடுத்ததுக்கு ஆதாரம்?"

"இந்தப் படந்தான் சார்."

"இந்தப் படத்துல நீ இல்லியே."

"எடுக்கிற ஆள் எப்படி சார் படத்துல இருப்பா?"

"அப்போ நீயே ஒத்துக்கிடுக, விழாவுல நீ இல்லன்னு." தாணுலிங்கத்தின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "வராதவன்லாம் வந்து நிக்கான். வந்த நீ நிக்காம போயிட்டியே பிள்ளே. நான் என்ன செய்யது?"

டைரக்டரிடம் போனாள். "எனக்குத் தெரியாதா குட்டி, நீதான் எடுத்தாய்னு? ஆனா எனக்குத் தெரியறது ஆதாரமாகாது. நான் கம்பீரமா நின்னதையே விளக்குன்னுட்டான் பாரு," என்றார் அவர்.

வீட்டில் அம்மா முத்தாரம்மாளிடம் சொன்னாள். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நாகர்கோவில் மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவதாக அன்றுதான் போன் வந்திருந்தது.

"ஊரே ஒரு பக்கம் நிக்கும்போ நீ மட்டும் ஏம்ளா எதிர்ப்பக்கம் போய் நின்ன?" என்றாள் அம்மா.

"அங்க நின்னாத்தான்மா எல்லாரும் தெரிவாங்க."

"தெரிஞ்சு?"

ஸ்ரீலட்சுமி ஒரு கீரைக்கொத்தை எடுத்து உருவத் தொடங்கினாள். எம்.ஏ.யில் அந்தக் கேள்வி வரவே இல்லை.

மறுநாள் அலுவலகம் திறந்ததும் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். நல்ல கறைகள் எல்லாம் போய்விட்டிருந்தன. குட்டைக் கறை, மெலிந்த கறை, பாதி வெட்டுப்பட்ட கறை வரைக்கும் ஆளாகியிருந்தது. வலது ஓரத்தில், தூணோடு ஒட்டி, சற்றே வளைந்த ஒரு நெட்டைக் கறை மட்டும் உரிமை கோருவாரின்றி நின்றது. அது என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். விழாவுக்காகத் தூணில் கட்டியிருந்த குலைவாழை. துளை வழியாகப் பார்த்தபோது அதன் ஒவ்வொரு இலையையும் பார்த்திருந்தாள்.

"சார், இது நான்," என்றாள். இந்த முறை மெல்லச் சொல்லவில்லை.

தாணுலிங்கம் வந்து குனிந்து பார்த்தார். "இது வாழையில்லா?"

"பச்சைச் சேலை சார்."

படம் கறுப்புவெள்ளை. பச்சை இல்லையென்று நிரூபிக்க வழியில்லை.

"கையில என்னமோ தொங்குகே?"

"பூச்செண்டு சார். டைரக்டருக்குக் கொடுக்க வச்சிருந்தேன்."

"ஆமாமா, குடுத்தாளே. நன்னா மணமா இருந்தது," என்றார் டைரக்டர் அறைக்குள்ளிருந்து.

தாணுலிங்கம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். முதல்முறையாக அவர் கண்ணில் ஒரு மரியாதை தெரிந்தது. "நேத்தைக்கே இப்படிச் சொல்லியிருக்கப்பிடாதா?" என்று கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே ஸ்ரீலட்சுமி நிரந்தரமானாள். ஞாயிற்றுக்கிழமை வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம், பெண் இப்போது கல்யாணத்துக்குத் தயாரில்லை என்று முத்தாரம்மாள் தலை நிமிர்ந்து சொல்லி அனுப்பினாள்.

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். படத்தைப் பார்த்தார்கள், கையெழுத்துகளைப் பார்த்தார்கள், ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: அலுவலகத்தில் உள்ள அத்தனை பேரும் படத்தில் நிற்கும்போது, படத்தை எடுத்தது யார்? அனுமதியின்றி அரசு உடைமையை இயக்கிய அந்த ஆள் எங்கே?

அலுவலகம் ஆடிப்போயிற்று. "ஆமால்லா! எவனோ உள்ள நுழைஞ்சிருக்கான்," என்றார் தாணுலிங்கம். டைரக்டர் உடனே விசாரணைக்கு உத்தரவிட்டார். விசாரணை அதிகாரி நிரந்தர ஊழியராக இருக்க வேண்டும்; காமிராவைப் பற்றி ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்; படம் எடுக்கப்பட்ட நேரத்தில் காமிராவுக்கு அருகில் இருக்கவில்லை என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும். மூன்று தகுதியும் உள்ள ஆள் ஒருத்திதான் இருந்தாள்.

ஸ்ரீலட்சுமிக்குத் தனி அறை, மேசை, காற்றாடி எல்லாம் கிடைத்தன. படம் எடுத்த நபர் யாராயிருப்பினும் நேரில் வந்து விளக்கமளிக்க வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டச் செய்தாள். குறித்த நாளில் கஞ்சிபோட்ட சேலை கட்டிக்கொண்டு, நேரத்துக்கே வந்து உட்கார்ந்தாள். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. சாயங்காலம்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'அழைக்கப்பட்டவர் ஆஜராகவில்லை. மேலும் அவகாசம் தேவை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். முதல் தடவை எழுதி முடிக்க ஒரு மணிநேரம் ஆயிற்று. இப்போதெல்லாம் ஒரு நிமிடம் போதும். குற்றவாளி பிடிபடாமல் பார்த்துக்கொண்டால் ஓய்வு பெறும்வரை இந்த வேலைக்கு ஒரு குறையும் வராது. மேலிடமும் விசாரணையின் தீவிரத்தைப் பாராட்டி இரண்டு தடவை எழுதிவிட்டது.